சீட்டில் இல்லாத சாமான்

வீட்டுக் கணக்கு – 9

"கரண்டு பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, எப்படியோ சமாளித்துவிடுகிறோம். மளிகைக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று போன இதழைப் படித்த பலர் எழுதியிருக்கிறார்கள். அரிசி விலை, பருப்பு விலை, எண்ணெய் விலை என்று கடிதத்துக்குக் கடிதம் அதே மூன்று புகார்கள். விலை ஏறியிருப்பது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கையைக் கடிப்பதற்கு இந்த மூன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சீட்டில் எழுதிக்கொண்டு போகும் சாமான் நம்மை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. எழுதாமலே பைக்குள் வந்து சேரும் சாமான்தான் சாய்க்கிறது.

இது என் ஊகம் மட்டுமல்ல. மத்திய அரசு 2022-23ல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வைப் பாருங்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், கிராமத்துக் குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் உணவுக்குப் போவது 46 ரூபாய் சொச்சம், நகரத்தில் 39 ரூபாய் சொச்சம். அதற்குள் அரிசி, கோதுமை முதலான தானியங்களுக்குக் கிராமத்தில் 5 ரூபாய்கூட ஆகவில்லை, நகரத்தில் 4 ரூபாய்கூட ஆகவில்லை. குளிர்பானம், நொறுக்குத்தீனி, பாக்கெட் உணவு, வெளியில் வாங்கிச் சாப்பிடுவது எல்லாம் சேர்ந்த கணக்கில் கிராமத்தில் 9.62 ரூபாய், நகரத்தில் 10.64 ரூபாய். அரிசிக்கும் கோதுமைக்கும் கொடுப்பதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இவற்றுக்குக் கொடுக்கிறோம். 1999-2000ல் கிராமத்துக் குடும்பங்கள் தானியத்துக்கு மட்டுமே 100க்கு 22 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தன. கால் நூற்றாண்டில் சமையலறை எவ்வளவு மாறிவிட்டது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

தாம்பரம் பக்கம் ஒரு குடும்பம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அவர்கள் சம்மதத்தோடு ஒரு மாதத்து பில்களை எல்லாம் மேசையில் பரப்பி, வீட்டில் எழுதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சீட்டில் இல்லாத ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் சுழித்தோம். ஏழாயிரத்தை ஒட்டிய செலவில் சுழித்தவை மட்டும் இரண்டாயிரத்தைத் தொட்டன. பெரிதாக எதுவும் இல்லை. பில் போடும் இடத்தில் நிற்கும்போது பிள்ளை எடுத்த சாக்லேட், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த நூடுல்ஸ், வீட்டில் ஏற்கெனவே பாதி இருந்த ஜாம், புதிதாக வந்திருக்கிறது என்று எடுத்த ஒரு மசாலா, இரண்டு பெரிய குளிர்பானப் புட்டிகள். அந்த அம்மா பில்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் பருப்பில்தானே அரைக் கிலோ குறைச்சேன்" என்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. இப்படித்தான் நடக்கிறது. எழுதியதிலிருந்து குறைக்கிறோம், எழுதாததை விட்டுவிடுகிறோம்.

அண்ணாச்சி கடையில் இது அவ்வளவு சுலபமாக நடக்காது. அங்கே சாமான் எல்லாம் கல்லாவுக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். சீட்டை நீட்டுகிறோம், பையன் எடுத்து வைக்கிறான், அண்ணாச்சி கூட்டிச் சொல்கிறார். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால்தான் ஒரு பொருள் கைக்கு வரும். போதாக்குறைக்கு அவருக்கு நம் வீட்டுக் கணக்கும் தெரியும்.

"அண்ணாச்சி, உளுந்து ரெண்டு கிலோ போடுங்க."

"ஏம்மா, போன மாசம் ரெண்டு வாங்கினதுல மீதி இருக்குன்னு சொன்னியளே?"

"ஆமா, மறந்தே போச்சு. ஒண்ணே போடுங்க."

விற்கிறவரே குறைத்து வாங்கச் சொல்லும் இந்த உறவுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. பெரிய கடைகளில் சில பொருள்கள் நிச்சயமாக மலிவு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே தள்ளுவண்டியோடு நடக்கும் வழி முழுக்க, சீட்டில் இல்லாததை எடுக்க வைப்பதற்காக அடுக்கியிருப்பது. போவதானால் சீட்டோடு போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செல்போன் கடைகளில் இன்னும் கவனம் வேண்டும். கொத்தமல்லிக்கட்டு ஒன்று போதும் என்று திறந்தால், இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி கட்டணம் இல்லை என்று வரும். அந்தக் கட்டணத்தைத் தவிர்க்க நூறு ரூபாய்க்கு வேறு எதையோ சேர்த்துவிடுவோம்.

ஆகவே முதல் வேலை ஒரு நோட்டு. சமையலறையிலேயே, பேனாவைக் கட்டித் தொங்கவிட்டு வையுங்கள். எது தீர்கிறதோ அது தீரும்போதே எழுதப்பட வேண்டும். ஒரு கிலோ துவரம்பருப்பை என்றைக்குப் பிரித்தோம், என்றைக்குத் தீர்ந்தது என்று மூன்று மாதம் எழுதினாலே வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்த அளவு தெரியாதவருக்கு எந்தத் தள்ளுபடியும் லாபமில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது சோப்பு, பற்பசை மாதிரி கெடாத பொருளாகவும், ஏற்கெனவே சீட்டில் உள்ளதாகவும் இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

அடுத்தது, பொட்டலத்தின் விலையைப் பார்த்து வாங்கும் பழக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் டீத்தூள், பிஸ்கட், சமையல் எண்ணெய் போன்ற பல பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைத்து விற்கலாம் என்று விதி இருந்தது. சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளில் 2021ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றது. எம்.ஆர்.பி. போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'யூ.எஸ்.பி.' என்று ஒரு எண் இருக்கும். கிலோவுக்குக் குறைந்த பொட்டலமாக இருந்தால் கிராம் விலை. 0.62 என்று இருந்தால் கிலோ 620 ரூபாய் என்று அர்த்தம். கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டிய எண் இதுதான். வெள்ளெழுத்து உள்ளவர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள், அல்லது பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கும் கணக்குப் பழகும்.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். அதனால் ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் ஒன்றல்ல. அடுக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாக்கெட்டுகள் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும். ஒன்றில் ஒரு லிட்டர் இருக்கும், இன்னொன்றில் 850 மில்லிதான் இருக்கும். கணக்குக்காக, முதலாவது 160 ரூபாய், இரண்டாவது 144 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 16 ரூபாய் மிச்சம் என்று இரண்டாவதை எடுத்தால், லிட்டருக்கு 169 ரூபாய் கொடுத்திருப்போம். டின் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. 15 லிட்டர் டின்னில் இருப்பது பதின்மூன்றரைக் கிலோ சொச்சம்தான். வித்தியாசம் ஒன்றேகால் கிலோவுக்கு மேல்.

டின் விலையில் மலிவு என்றாலும் எல்லா வீட்டுக்கும் நான் அதைச் சொல்லமாட்டேன். எண்ணெய் நிறைய இருந்தால் கை தாராளமாகிவிடும், அப்பளமும் வடையும் அடிக்கடி பொரியும். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். இந்த அளவை மாதத் தொடக்கத்திலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுவது, எந்தக் கடைத் தள்ளுபடியையும்விட அதிகம் மிச்சம் பிடித்துத் தரும்.

பெரிய பொட்டலம் என்றாலே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். ஷாம்புவில் பல சமயம் கணக்கு தலைகீழ். கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் காட்டிய வழியில் சிறு பாக்கெட் நம் ஊரிலிருந்துதான் நாடெங்கும் பரவியது. இன்றைக்கும் பல கம்பெனிகளில் சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்து வாங்கினால் மில்லி விலை புட்டியைவிடக் குறைவாக வரும். பிஸ்கட், சிப்ஸ் வகையறாவில் நிலைமை வேறு. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலையை மாற்றினால் விற்காது என்பதால், விலையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எடையைக் குறைக்கிறார்கள். பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பார்க்காதவரை இந்த விலையேற்றம் நமக்குத் தெரியாது.

அரிசி வாங்குகிறவர்கள் கடைகளில் 26 கிலோ மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். இது என்ன புதுக் கணக்கு என்று தோன்றியிருக்கும். 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு அது கிடையாது. அதனால் பிறந்ததுதான் 26 கிலோ மூட்டை. 1,500 ரூபாய் அரிசியில் 75 ரூபாய் வித்தியாசம். மூட்டையைப் பிரித்து வைத்து எடை போட்டுத் தரும் சில்லறை அரிசிக்கும் வரி இல்லை. ஆகவே மூட்டை வாங்க வசதியில்லாதவர்கள், பிராண்டு பெயர் அச்சிட்ட ஐந்து கிலோ பையைவிட அண்ணாச்சி கடைத் திறந்த மூட்டை அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்குவது நல்லது.

ரேஷன் கடையை மதிப்புக் குறைவாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலை இல்லை. ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். பருப்பும் எண்ணெயும் வெளியில் விற்கும் விலைக்கு, இந்த இரண்டில் மட்டும் மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் புழுங்கலரிசி இட்லி மாவுக்கு அருமையாக உப்பி வரும். வாங்காமல் விடுவதில் கௌரவம் எதுவும் இல்லை. நம் வரிப்பணத்தில் நடக்கும் கடை அது.

இனி வருஷச் சாமான். நம் பாட்டிகள் மாசி, பங்குனியில் புளியும் மிளகாயும் வாங்கி வெயிலில் போட்டது சம்பிரதாயத்துக்காக அல்ல. தை கழிந்தால்தான் புதுப்புளி சந்தைக்கு வரும். ஈரோட்டில் புதுமஞ்சள் இறங்குவதும் அந்தச் சமயம்தான். வற்றல் மிளகாய், மல்லி, புதுத் துவரை எல்லாம் தையிலிருந்து பங்குனிக்குள் வந்து சேரும். வரத்து அதிகம், விலை இறக்கம், வெயில் தாராளம். மூன்றும் கூடிவரும் காலம் வருடத்தில் இந்த ஒன்றுதான். அதே பொருளை மழைக்காலத்தில் நூறு நூறு கிராமாக வாங்கினால் விலையும் கூட, ஈரமும் கூட.

வாங்கினால் காப்பாற்றத் தெரிய வேண்டும். புளியைக் கொட்டையும் நாரும் நீக்கி, நன்றாக உலர்த்தி, கல்லுப்பு தூவித் தூவி மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடைத்தால் வருடம் தாங்கும். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் வேண்டாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து அரித்துவிடும். துவரம்பருப்பில் சில சொட்டு விளக்கெண்ணெயைக் கையில் தடவிப் பிசறி, வெயில் காட்டி வைத்தால் வண்டு அண்டாது. ரவையை வெறும் வாணலியில் சூடு ஏற வறுத்து, ஆறியபின் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்து, அத்தனையும் கட்டிதட்டிவிடும். அரிசிக்குள் காய்ந்த வேப்பிலையும் நாலு வற்றல் மிளகாயும் போதும். மல்லியும் மிளகாயும் காயவைத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்தால், கூலியையும் சேர்த்துக்கூடப் பாக்கெட் குழம்புப்பொடியைவிடக் கணிசமாகக் குறையும். மணம் வேறு எங்கும் கிடைக்காது.

"இதெல்லாம் மொட்டைமாடியும் கையில் மொத்தமாகக் காசும் உள்ளவர்களுக்குத்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் அன்றன்றைக்கு ஐம்பது மில்லி எண்ணெயும் பத்து ரூபாய் மிளகாய்த்தூளும் வாங்குகிறார்கள். கிலோக் கணக்கில் பார்த்தால் கார் வைத்திருப்பவரைவிட அவர்கள் கொடுக்கும் விலைதான் அதிகம். இது அவர்கள் சிக்கனம் தெரியாததால் வருவதில்லை, முதல் இல்லாததால் வருகிறது. இதற்குத் தனி ஆளாக வழி கிடையாது, சேர்ந்தால் உண்டு. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904ல் பிறந்தது இப்படித்தான். சிறிய சம்பளக்காரர்கள் பணத்தைச் சேர்த்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ள ஒரு கடை கண்டார்கள். இன்றைக்கு ஒரு தெருவில் உள்ள மகளிர் குழு அதைத் தாராளமாகச் செய்யலாம். ஐந்து வீடு சேர்ந்தால் ஒரு 15 கிலோ டின், ஒரு மூட்டை அரிசி, பத்துக் கிலோ பருப்பு. பிரிக்கும்போது எல்லோர் முன்னிலையிலும் எடை போடுங்கள், பில்லை எல்லோருக்கும் காட்டுங்கள், பாக்கி வைக்காதீர்கள். இந்த மூன்றிலும் கறாராக இருந்தால் மனக்கசப்பு வராது.

காய்கறிக்கு உழவர் சந்தை. முதல் சந்தை மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. மொத்த விலையைவிட 20 சதவீதம் வரை கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் வரை குறைவாகவும் இருக்கும்படி தினமும் காலையில் விலை வைத்துப் பலகையில் எழுதுவார்கள். பக்கத்தில் சந்தை இல்லாவிட்டாலும் அந்த விலை தெரிந்திருந்தால் தெருவில் வாங்கும்போது உதவும். ஆனால் காயில் பெரிய மிச்சம், எது மலிகிறதோ அதைச் சமைப்பதில்தான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசே சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. தக்காளி இல்லாத வற்றல்குழம்பும், மோர்க்குழம்பும், மிளகு ரசமும், பருப்புத் துவையலும் நம் சமையலில் எத்தனை காலமாக இருக்கின்றன. மார்கழியில் முருங்கைக்காயைத் தேடாதீர்கள், பங்குனி, சித்திரையில் அது கட்டுக்கட்டாக வந்து குவியும்.

கடைசியாக ஒன்று, மனதிலிருந்து சொல்கிறேன். சிக்கனம் என்று ஆரம்பித்தவுடன் வீட்டில் முதலில் குறைவது அம்மாவின் தட்டு. பிள்ளைக்கு முட்டை, அவருக்கு முட்டை, "எனக்கு வேண்டாம், பிடிக்காது" என்பார்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பருப்பு, முட்டை, பால், நிலக்கடலை, கீரை ஆகியவற்றில் கைவைத்து மிச்சம் பிடிக்கும் காசு பின்னால் மருத்துவமனைக்குப் போகும். ஆகவே சீட்டு எழுதும்போது இவற்றை முதல் வரிகளில், வீட்டில் உள்ள ஒவ்வொரு ஆளையும் எண்ணி எழுதுங்கள். எழுதுகிறவரையும் சேர்த்து எண்ணுங்கள். முட்டை வாரத்துக்கு எத்தனை என்று தலைக்கணக்குப் போட்டபிறகு மீதி வரிகளுக்கு வாருங்கள். பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைச் சீட்டுக்கு வெளியே நிறுத்தினால், அந்தக் காசுக்கு நாமக்கல் முட்டை ஒன்று வரும், சில்லறையும் மிஞ்சும்.

அடுத்த இதழில் பால் கணக்கும் இட்லி மாவுக் கணக்கும். அதற்குள் ஒரு மாதத்து பில்களை எடுத்துச் சிவப்புப் பேனாவால் சுழித்துப் பார்த்து, எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள்.

(தொடரும்)